சந்தேகம் வேலையின் மேல் இருக்கட்டும்

பழவேற்காடு ஏரிக்குள் தீவுபோல் கிடக்கும் பசியாவரத்துக்குப் பல காலம் படகு ஒன்றே வழி. அங்கும் அக்கம்பக்கத்துக் குப்பங்களிலும் வலையோடு தண்ணீரில் இறங்கும் ஒருவர், இறங்குவதற்கு முன் மனத்துக்குள் போடும் கணக்கு பெரியது. முகத்துவாரம் எவ்வளவு திறந்திருக்கிறது, மணல் எந்தப் பக்கம் அடைத்திருக்கிறது, கடல்நீர் ஏறுகிறதா வடிகிறதா, ஆரணி ஆற்றில் வந்த மழைத்தண்ணீர் ஏரியின் உப்பை எவ்வளவு முறித்திருக்கும், அந்த உப்புக்கு இறால் எங்கே ஒதுங்கும், மடவை எங்கே கூடும், வாடைக்காற்று உச்சிவேளைக்குள் வலுக்குமா, இந்த ஆழத்தில் எந்த வலை நிற்கும். நீர் ஏறினால் ஏறத்தாழ 450 சதுர கிலோமீட்டருக்குப் பரந்தும், வற்றினால் 250 அளவுக்குச் சுருங்கியும் போகிற நீர்ப்பரப்பு இது. அதில் கருவி எதுவும் இல்லாமல், ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே இருக்கும் இத்தனை விஷயங்களைச் சேர்த்துப் பார்த்துச் சடுதியில் முடிவெடுப்பது உயர்ந்த தொழில்நுட்ப வேலை. அரசுப் படிவங்களில் அதற்கு அப்படியொரு பெயர் கிடையாது. படிப்பு என்ற கட்டத்தில் ஏதோ ஒரு வகுப்பு, தொழில் என்ற கட்டத்தில் மீன்பிடி, அவ்வளவுதான். அந்த வீட்டுப் பிள்ளை பாலிடெக்னிக்கோ பொறியியலோ முடித்து, கும்மிடிப்பூண்டி ஆலைக்கோ எண்ணூர்த் துறைமுகத்துக்கோ சென்னையின் மென்பொருள் நிறுவனத்துக்கோ போகும்போதுதான் குடும்பத்தில் முதல்முறையாக ஒருவர் ‘திறன் பெற்றவர்’ ஆகிறார். ஆனால் தன் திறனைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் வந்து பிடிப்பது, சான்றிதழ் இல்லாத தகப்பனை விட்டுவிட்டு, சான்றிதழ் வாங்கிய அந்தப் பிள்ளையைத்தான்.

வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டே, ‘எனக்கு இந்த இடத்துக்குத் தகுதி இல்லை, ஏதோ அதிர்ஷ்டத்தில் உள்ளே வந்துவிட்டேன், ஒருநாள் எல்லாருக்கும் தெரிந்துவிடும்’ என்று உள்ளுக்குள் நடுங்கும் மனநிலையை இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்கிறார்கள். பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1978இல் இதை முதலில் எழுதினார்கள். படிப்பிலும் தொழிலிலும் வெற்றி பெற்ற 150க்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்து எழுதிய கட்டுரை அது. அவர்கள் இதை நோய் என்று அழைக்கவில்லை. மனநோய்களின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இன்றுவரை இதற்கு இடமும் இல்லை. ஆனாலும் நிறுவனங்களின் பயிலரங்குகளும் தன்னம்பிக்கைப் பேச்சுகளும் இதை ஒவ்வொருவரும் தனியே தீர்த்துக்கொள்ள வேண்டிய குறையாகவே வைத்திருக்கின்றன. உன்னை நம்பு, கண்ணாடி முன் நின்று உன் சாதனைகளைச் சொல்லிப் பார், தலை நிமிர்ந்து நட என்று அறிவுரை தருகின்றன. இந்த அறிவுரை தவறான இடத்தில் மருந்து போடுகிறது என்பது என் கருத்து. இந்த அச்சத்தின் வேர் பெரும்பகுதி வேலையிடத்தில் இருக்கிறது. ஏரியில் அது முளைக்காததன் காரணத்தைப் பார்த்தால் இது விளங்கும்.

ஏரியில் இறங்குகிறவர் சந்தேகமே இல்லாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் எல்லாவற்றையும் சந்தேகிக்கிறார். காற்றைச் சந்தேகிக்கிறார், மேகத்தைச் சந்தேகிக்கிறார், நேற்று இறால் பட்ட இடத்தை இன்று நம்ப மறுக்கிறார். அவருடைய தொழில்திறனில் பாதி இந்தச் சந்தேகம்தான். ஆனால் வலை வெறுமையாக வந்த நாளில், தான் மீனவர்தானா என்ற கேள்வி அவருக்கு எழுவதில்லை. கணிப்பு தவறிவிட்டது, நாளை வேறு இடம் பார்க்கலாம் என்பதோடு அது முடிகிறது. வேலையைப் பற்றிய சந்தேகம் ஒன்று, வேலையிடத்தில் இருக்கும் உரிமையைப் பற்றிய சந்தேகம் இன்னொன்று. முதலாவது மனிதரைக் கூர்மையாக்குகிறது. இரண்டாவது முதலாவதைத் தின்றுவிடுகிறது. ‘இந்த வால்வின் அழுத்தம் சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது’ என்று ஷிஃப்டில் சொல்ல வேண்டியவர், ‘இது எல்லாருக்கும் தெரிந்ததாக இருக்குமோ, கேட்டால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ’ என்று வாயை மூடிக்கொள்கிறார். அவருடைய தொழில்நுட்ப ஐயம் சரியாகவே இருந்திருக்கலாம். அதைச் சொல்லும் உரிமை தனக்கு உண்டா என்ற ஐயம்தான் தொண்டையை அடைத்தது.

அந்த இரண்டாம் ஐயம் ஏரியில் ஏன் எழுவதில்லை? பழவேற்காட்டில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. இறால் படும் இடங்களை ஊர் கூடிக் குலுக்கல் போட்டு, முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. செபாஸ்டியன் மேத்யூ இதைப் பற்றி எழுதிய விரிவான ஆய்வை ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு 1991இல் வெளியிட்டது. யார் யாருக்கு உரிமை, இன்று யார் முறை, எந்த வலை போடலாம், விதியை மீறினால் என்ன ஆகும் என்பதெல்லாம் ஊர் முன்னால் சொல்லப்பட்டவை. தலைக்கட்டாகச் சேர்க்கப்பட்ட ஒருவரின் இடத்தை யாரும் தினமும் புதிதாக எடைபோடுவதில்லை. தொழில் கற்பதும் அதே படகில், மற்றவர் கண் முன்னால் நடக்கிறது. பெரியவர் கணிப்பு பொய்த்துப்போவதைப் பையன் நூறு முறை பார்த்திருக்கிறான். தெரியாமை என்பது தொழிலின் அன்றாடம் என்று அவனுக்குப் பேச்சில்லாமலே புரிந்துவிடுகிறது. அலுவலகத்தில் இதற்கு நேர்மாறு. அங்கேயும் ஒரு பாடு இருக்கிறது, ஆனால் அதை யாரும் சொல்வதில்லை. எந்தக் கேள்வியை மீட்டிங்கில் கேட்கலாம், எதைத் தனியே கேட்க வேண்டும், மேலாளரிடம் ‘முடியாது’ என்று எப்படிச் சொல்வது, அப்ரைசலில் தன் வேலையை எந்த அளவுக்கு உயர்த்திப் பேசுவது, இவற்றுக்கெல்லாம் விதிகள் உண்டு. பெரியப்பா பொறியாளராகவும் அக்கா வங்கி அதிகாரியாகவும் இருக்கும் வீட்டில் அவை சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே காதில் விழுந்துவிடும். பசியாவரத்திலிருந்து வருகிறவர் அந்த விதிகளை மீறிய பிறகுதான் அவை இருந்ததையே அறிகிறார். மற்றவர்கள் திணறுவதும் அவர் கண்ணில் படுவதில்லை. அவர்கள் முடித்துக் கொண்டுவந்த வேலையை மட்டும் பார்க்கிறார். தன் திணறலையும் பிறர் முடிவையும் ஒப்பிடுகிற யாருக்கும், தான் ஒருவர்தான் போலி என்றே தோன்றும்.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. பாட்டு உரிமை எல்லாருக்குமானதா? இல்லை. அது பிறப்பால் வருவது. கோட்டைக்குப்பம் உள்ளிட்ட சில ஊர்களின் பட்டினவர் ஆண்களிடம் மரபாக இருந்து வருவது. பெண்களுக்கு அதில் இடமில்லை. பிற சாதியாருக்கும் பின்னால் தொழிலுக்கு வந்தவர்களுக்கும் இல்லை. சாரா கூல்தார்ட் 2008இல் வெளியிட்ட ஆய்வும் பாட்டு உரிமை உள்ளவர், இல்லாதவர் என்ற பிளவைக் கவனமாகப் பேசுகிறது. இந்த வட்டாரத்து இருளர் பெண்கள் பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலை ஆற்றிலும் பனையோலைப் பறியை வாயில் கவ்வியபடி, சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிக்கிறார்கள். விரல் நுனியில் அவர்களுக்கு இருக்கும் அறிவுக்கு எந்தப் பாட்டிலும் இடமில்லை. ஆகவே ஏரியின் தன்னம்பிக்கை, வேலிக்குள் பிறந்தவர்களின் தன்னம்பிக்கை என்று ஒருவர் சொன்னால் மறுக்க முடியாது. மறுக்கவும் வேண்டாம், என் வாதத்துக்கு அதுவே வலு சேர்க்கிறது. ஒருவர் தன்னைத் தகுதியுள்ளவராக உணர்வதற்கும் அவருடைய கைத்திறனுக்கும் உள்ள தொடர்பைவிட, சுற்றியிருப்பவர்கள் அவரை உள்ளே ஏற்றுக்கொண்டதற்கும் அந்த உணர்வுக்கும் உள்ள தொடர்பு கூடுதல் என்பதைத்தான் அது காட்டுகிறது. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்கள் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க அந்த மாநிலத்தின் வனவிலங்குத் துறையும் பல்கலைக்கழகமும் திணறிக்கொண்டிருந்தன. வந்த முதல் இரண்டு வாரங்களுக்குள் அவர்கள் பத்துக்கும் மேற்பட்ட பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. 2016இல் அவர்களுக்கு இருந்த திறமைதான் 2023இலும் இருந்தது. மாறியது பார்க்கிறவர்களின் கண். ஏரியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பிறப்புரிமையை அன்று. விதியை எல்லார் முன்னாலும் வைப்பதையும், கற்பதைக் கூட்டாகச் செய்வதையும் எடுத்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது மறுப்பு: வசதியான வீட்டில் பிறந்து, உயர்ந்த கல்லூரிகளில் படித்தவர்களுக்கும் இந்த அச்சம் இருக்கிறதே? உண்மைதான். கிளான்ஸும் ஐம்ஸும் கவனித்த பெண்களில் பெரும்பாலோர் நடுத்தர, மேல்தட்டு வெள்ளையினத்தவர். ஆனால் அவர்களிலும் பலர் ஆண்களின் கூடாரமாக இருந்த துறைகளுக்குள் நுழைந்த பெண்கள் என்பதை மறந்துவிடலாகாது. இந்த அச்சத்தைப் பற்றிய 62 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 14,161 பேரையும் தொகுத்துப் பார்த்த மருத்துவ மீளாய்வு ஒன்று 2019இல் வெளிவந்தது. இது எத்தனை பேருக்கு இருக்கிறது என்ற கேள்விக்கு அந்த ஆய்வுகள் தந்த விடை 9 விழுக்காட்டிலிருந்து 82 விழுக்காடு வரை விரிந்து கிடந்தது. அளக்கும் முறைகள் வேறுபட்டதும் இதற்கு ஒரு காரணம். ஆனாலும் இது மனிதருக்குள் நிலையாக இருக்கும் ஒரு குணமாக இருந்தால் இவ்வளவு பெரிய ஊசலாட்டம் எப்படி வரும்? யாரை, எந்த இடத்தில் வைத்துக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது என்றே நான் படிக்கிறேன். இதற்கான சிகிச்சையைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்றுகூட அந்த மீளாய்வில் அகப்படவில்லை என்பதையும், பயிலரங்குகளுக்குப் பணம் செலவிடும் நிறுவனங்கள் கவனிக்க வேண்டும். இன்னொன்று: அச்சம் பொதுவாக இருக்கலாம், அதற்குக் கொடுக்கும் விலை பொதுவானதல்ல. வேலை போனால் ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்து வேறு வேலை தேட முடிகிறவர் துணிந்து ஒரு முட்டாள்தனமான கேள்வியைக் கேட்பார், அதனால் கற்றுக்கொள்வார். தன் சம்பளத்தில் தங்கையின் படிப்பும் படகு எஞ்சினின் கடனும் தொங்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்க மனம் வராது. கேட்காததால் கற்பது தாமதமாகும். தாமதமானதும், தொடக்கத்தில் வெறும் கற்பனையாக இருந்த ‘எனக்குத் தெரியாது’ என்பது மெல்ல உண்மையாகிவிடும். இந்த அச்சத்தின் மிகக் கொடுமையான இயல்பு இதுதான்.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். தொழில்நுட்ப வேலையில் அடக்கம் நல்லது, தன்னை அதிகம் நம்புகிறவர்களே பாலத்தையும் பாய்லரையும் உடைக்கிறார்கள், ஆகவே இந்த அச்சம் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும் என்பது அது. இதற்கு ஆதாரமும் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த பசிமா டியூஃபிக் 2022இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய எண்ணம் உள்ளவர்கள் மற்றவர்கள் சொல்வதைக் கூடுதலாகக் காதுகொடுத்துக் கேட்டு, உடன் பணிபுரிவோரிடம் நல்ல பெயர் வாங்கியிருந்தார்கள். ஆனால் காதுகொடுத்துக் கேட்பது வேறு, தவறைத் திறந்து சொல்வது வேறு. ஆலைகளையும் மருத்துவமனைகளையும் காப்பாற்றுவது இரண்டாவதுதான். ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைப் பிரிவுகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை உள்ள பிரிவுகளிலேயே மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தவறு அதிகம் நடந்தது என்று பொருளில்லை, அங்கே சொல்ல முடிந்தது. தன்னைப் போலி என்று அஞ்சுகிறவர் முதலில் மறைப்பது தன் தவறைத்தான், ஏனென்றால் அவருக்கு அது தவறாகத் தெரிவதில்லை, சாட்சியமாகத் தெரிகிறது.

தவறையும் மனிதரையும் எப்படிப் பிரிப்பது என்பதற்கு உதாரணம் தேடி ஹார்வர்ட் வரை போக வேண்டியதில்லை. பழவேற்காடு ஏரியையும் வங்கக் கடலையும் பிரித்து நிற்பது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. அங்கிருந்து 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 ஏவப்பட்டது. ஏவுவதற்குச் சற்று முன் கணினி நிறுத்தச் சொன்னது. வல்லுநர்கள் போகலாம் என்றார்கள். திட்ட இயக்குநர் அப்துல் கலாம் கணினியின் எச்சரிக்கையைக் கடந்து ஏவ முடிவெடுத்தார். ராக்கெட் கடலில் விழுந்தது. ராமேசுவரத்தில் படகு வைத்திருந்தவரின் மகன், தமிழ்வழியில் பள்ளி படித்தவர், நாடே பார்த்துக்கொண்டிருந்த திட்டத்தில் தோற்றிருந்தார். அன்று பத்திரிகையாளர்கள் முன் வந்து பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். 1980 ஜூலை 18 அன்று அதே வகை வாகனம் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தபோது, பத்திரிகையாளர்களிடம் நீங்கள் போய்ப் பேசுங்கள் என்று அவர் கலாமை அனுப்பினார். கலாம் பிற்காலத்தில் பல மேடைகளில் சொன்ன செய்தி இது. தலைவரின் பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாகவே இதை நாம் எப்போதும் சொல்கிறோம். எனக்கு இது ஒரு நிர்வாக முறையாகப் படுகிறது. தோல்வி நிறுவனத்தின் கணக்கில் எழுதப்பட்டது. அதனால் குழுவினர் பதினோரு மாதங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலையில் இறங்காமல், பழுதைத் தேடும் வேலையில் இறங்க முடிந்தது.

கலாமைச் சொன்னதும் மற்ற பெயர்களும் நினைவுக்கு வரும். டிப்ளமோவில் தொடங்கி, சந்திரயான்-3இன் திட்ட இயக்குநராகி, 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் கலத்தை இறக்கிய விழுப்புரத்து வீரமுத்துவேல். அதே டிப்ளமோவில் தொடங்கி 2025இல் இஸ்ரோ தலைவரான குமரி மாவட்டத்து நாராயணன். இவர்கள் நம் பெருமை. ஆனால் இந்தப் பெயர்களைப் பள்ளி மேடையில் சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. உச்சியைத் தொட்டவரை மட்டும் காட்டும்போது, நடுவில் நிற்கும் சாதாரணத் திறமைசாலி தன்னைத் தோற்றவராக எண்ணத் தொடங்குகிறார். தமிழ்வழியில் படித்து, இரண்டு அரியரை எழுதி முடித்து, இன்று ஒரு பம்ப் ஹவுஸை எந்தக் குறையும் இல்லாமல் ஓட்டும் பெண்ணும் தகுதியானவர்தான். சந்திரனுக்குப் போய்வந்தால்தான் தகுதி என்ற எண்ணத்தை அவர் தலையில் நாம் ஏற்றக் கூடாது.

தமிழ்நாடு கதவைத் திறப்பதில் குறை வைக்கவில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010இலிருந்து இருக்கிறது. அதே ஆண்டு அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலிலும் இயந்திரவியலிலும் தமிழ்வழி வகுப்புகளைத் தொடங்கியது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும் 2021இல் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கும் வந்தது. இவற்றால் உள்ளே வந்தவர்களைப் பற்றி ‘சலுகையில் வந்தவர்’ என்று காதோரம் பேசும் வழக்கம் மட்டும் மாறவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு வளர்கிறவருக்குத் தன்மேல் ஐயம் வந்தால், அது அவருடைய மனக்கோளாறு என்று எப்படிச் சொல்வது? அவர் சுற்றியிருப்பவர்களைச் சரியாகவே கேட்டிருக்கிறார். கதவுக்கு உள்ளே செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவையும் அல்ல. புதிதாகச் சேர்ந்தவர் முதல் ஆறு மாதம் எதைத் தெரிந்திருக்க வேண்டும், எதைத் தெரியாமல் இருந்தால் பாதகமில்லை என்று எழுதிக் கொடுக்கலாம். பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள மூத்தவர், தான் செய்த பிழையை அது எப்படி நேர்ந்தது என்பதோடு வாரக் கூட்டத்தில் முதலில் சொல்லலாம். தொழில்நுட்ப விளக்கத்தைத் தமிழில் சொல்ல அனுமதித்து, ஆங்கிலப் பேச்சின் தடுமாற்றத்தை அறிவின் தடுமாற்றமாகக் குறித்துக்கொள்ளாமல் இருக்கலாம். இப்படிச் செய்தால் தரம் தாழ்ந்துவிடும் என்பவர்கள், எழுதி வைக்கப்பட்ட அளவுகோல் எழுதி வைக்கப்படாததைவிடக் கடுமையானது என்பதை யோசிக்க வேண்டும். அதில் சிபாரிசுக்கும் நுனிநாக்கு ஆங்கிலத்துக்கும் மதிப்பெண் கிடையாது.

இதில் ஊரின் நலனும் கலந்திருக்கிறது. பழவேற்காட்டை அடுத்த காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் விரிவாக்கத் திட்டத்துக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிப்போனது. இத்தகைய திட்டங்களின் சூழல் தாக்க அறிக்கை பல நூறு பக்கங்களில் ஆங்கிலத்தில் இருக்கும். மக்கள் கையில் தமிழில் கிடைப்பது அதன் சுருக்கம். முகத்துவாரத்து மணல் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் நகர்கிறது என்று வாழ்நாளெல்லாம் பார்த்தவர் சொல்வது அங்கே ‘கருத்து’ என்று பதிவாகிறது. சில மாதங்கள் அளந்துவிட்டுப் போன ஆலோசனை நிறுவனம் எழுதியது ‘தரவு’ என்று பதிவாகிறது. அதிகாரிகளின் மேசைக்கு எதிரே நின்று மைக்கைப் பிடிக்கும் அந்த மீனவரிடம், ஏரியில் ஒருநாளும் இல்லாத தயக்கம் வந்துவிடுவதில் வியப்பில்லை. பயிற்சிப் பொறியாளராக இருக்கும் மகளை ஊமையாக்கும் அதே அளவுகோல்தான் தகப்பனையும் அந்த மேசை முன் ஊமையாக்குகிறது. அந்தக் கூட்டங்களுக்கு வேண்டியவர், நீரோட்ட மாதிரியின் ஆங்கில அட்டவணையையும் ‘வாடை முடியுற நேரத்துல மணல் இந்தப் பக்கம்தான் தள்ளும்’ என்ற பேச்சையும் ஒருசேரப் புரிந்துகொண்டு, எங்கே முரண்படுகிறது என்று எழுந்து சொல்லக்கூடிய ஒருவர். குப்பங்களின் முதல் தலைமுறைப் பொறியாளர்களால் அது முடியும். அவர்களில் எத்தனை பேர் அன்று வாய் திறப்பார்கள் என்பது, அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் அவர்களுடைய வேலையிடங்கள் அவர்களுடைய கேள்விகளை எப்படி நடத்தின என்பதைப் பொறுத்தது.